எம்எம் 540: காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, மோட்டாரை மாற்றணுமா?

நாகலூர்_காப்பி:
வணக்கங்க. ஏற்காடு நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பி, மிளகு. தோட்டத்துக்கு அப்பா காலத்து மஹிந்திரா எம்எம் 540 டீசல் ஜீப்தான். மார்கழிக் குளிரில் காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்', அதோடு சரி. சில நாள் முக்கி முக்கிச் சுற்றும். வெயில் ஏறிவிட்டால் பிரச்சினையே இல்லை. பேட்டரி புதுசு. இப்போதைக்குச் சரிவில் நிறுத்தி உருட்டித்தான் எடுக்கிறோம். சேலத்தில் ஒரு கடையில் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டை_எலக்ட்ரீஷியன்:
தம்பி, மோட்டார்மேல் கை வைக்கும் முன் எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு சேர்க்கும் இணைப்பைப் பாருங்கள். குளிரில் ஆயில் கெட்டியாகி எஞ்சின் இறுகும், மோட்டார் அதிக ஆம்பியர் கேட்கும். துருப்பிடித்த இணைப்பு அந்த நேரத்தில்தான் காலை வாரும். 'டகடகடக' என்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரி. ஒரே 'டக்' என்றால் எர்த், சொலினாய்டு (மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்) காண்டாக்ட், கார்பன் பிரஷ் (மோட்டாரில் சுழலும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கரித்துண்டு), இந்த மூன்றில் ஒன்று.

மல்டிமீட்டர் இருக்கிறதா? வண்டியை நியூட்ரலில் போட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் முனையில், இன்னொன்று எஞ்சின் பிளாக்கில். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவிலும் இதே கணக்குதான். பேட்டரியில் செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மோட்டாரைக் கழற்றுங்கள், அதற்கு முன் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட வேண்டும். பிரஷ் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கரித்தூள் சேர்ந்து கூட்டுக்குள் சிக்கியிருக்கும். ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷும் பாருங்கள். அது தேய்ந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுழலும் பாகம்) சாய்ந்து உள்ளே உரசும், அப்படி உரசிய தடம் பளபளவென்று தெரியும். பிரஷ், புஷ் மாற்றினாலே பழைய மோட்டார் பல வருஷம் ஓடும். நல்ல மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அப்புறம், பினியன் (எஞ்சினைச் சுற்றிவிடும் சின்னப் பல்சக்கரம்) ஷாஃப்டில் கிரீஸை அப்பாதீர்கள். உங்கள் ஊர்ச் செம்மண் தூசி அதில் ஒட்டி, குளிரில் பசையாகி, பினியன் நகராது.

குப்பனூர்_ரோடு:
அண்ணன் சொன்னதே சரி. குளிரில் டீசல் பற்ற எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கையும் ஒரு பார்வை பாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், மோட்டார் சூடேறிக் கெடும். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும், பிறகு அரை நிமிஷமாவது ஆறவிடுங்கள். மலையில் உருட்டி எடுப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். எஞ்சின் பிடிக்காவிட்டால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

நாகலூர்_காப்பி:
இன்று விடிகாலையில் பார்த்தேங்க. பேட்டரி 10.6. சொலினாய்டில் 0.1. பிளாக்குக்கும் நெகட்டிவுக்கும் 1.3. எர்த் பட்டை எஞ்சினில் சேரும் இடத்தில் பச்சை பூத்து, பாதி இழை அறுந்திருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை_எலக்ட்ரீஷியன்:
பிடித்துவிட்டீர்கள். பட்டையை மாற்றுங்கள், பழையதைவிட மெலிதாக வாங்காதீர்கள். போல்ட் உட்காரும் இடத்தைப் பெயின்ட், துரு போக உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் ஒயரையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். மறுபடி அளந்து, எத்தனை வோல்ட் என்று இங்கே போடுங்கள் தம்பி.