புதுப்பிப்பு: வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குப் பழைய ஃபுட்பால் பூட்ஸ்

சென்னை வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பிள்ளைகளுக்குப் பழைய பூட்ஸ் கேட்டிருந்தேன் அல்லவா? நிறையவே வந்துவிட்டன, நன்றி. ஆனால் பாதிக்கு மேல் 9, 10 சைஸ். வேண்டியது 3 முதல் 6 வரை. வீட்டில் யாருக்காவது சிறிதாகிப்போனது கிடக்கும், தேடுங்கள்.

அப்புறம், அடியில் உலோக ஸ்டட் (தரையைப் பற்றும் குமிழ்) வைத்தது வேண்டாம். இறுகிய மண் தரையில் அது இறங்காது, வழுக்கிவிடும். குட்டையான ரப்பர் ஸ்டட்தான் சரி.

அனுப்புமுன் அடிப்பாகத்தைக் கையால் மடக்கிப் பாருங்கள். ஓரத்தில் லேசாக வாய் பிளந்தால் பரவாயில்லை, தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் தைத்துத் தருகிறார். பொடிப்பொடியாக உதிர்ந்தால் வேண்டவே வேண்டாம். கழுவி, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவைத்து, ஜோடியை லேஸால் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். ஒற்றைக்கால் பூட்ஸே ஏழெட்டு வந்திருக்கிறது. கொடுத்த புண்ணியவான்கள் கட்டிலுக்கடியில் ஒருமுறை குனிந்து பார்க்கவும்!