பிரெஞ்சு விருந்தினர் லேப்டாப்பில் லேசான ஷாக்: விடுதி அறைகளில் எந்த சாக்கெட் போடுவது?

புதுவை விடுதி

வணக்கம். புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றை விருந்தினர் விடுதியாக நடத்துகிறோம். ஆறு அறை. வருகிறவர்களில் பெரும்பாலோர் பிரான்ஸ்காரர்கள், அப்புறம் கொஞ்சம் லண்டன், அமெரிக்கா. நம்ம ஊர் 6 ஆம்பியர் சாக்கெட்டில் அவர்கள் பிளக் சரியாக உட்காருவதில்லை, ஆடுகிறது, பொறி பறக்கிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. அதனால் மாடியில் இரண்டு அறைக்கு மட்டும் எல்லா நாட்டு பிளக்கும் ஏறுகிற யுனிவர்சல் சாக்கெட் போட்டோம். இப்போது வேறு தலைவலி.

பிரெஞ்சு விருந்தினர் லேப்டாப்பை சார்ஜில் போட்டுவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்து உட்கார்ந்தால் மணிக்கட்டில் சுருக் சுருக்கென்கிறதாம். சார்ஜரைக் கழற்றினால் இல்லை. நானும் தொட்டுப் பார்த்தேன். மூடி மேல் விரலை லேசாகத் தடவினால் சொரசொரவென்று அதிர்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர் வைத்தார், மங்கலாக எரிந்தது. "லேப்டாப்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்த பிரெஞ்சுத் தம்பதியின் லேப்டாப்பிலும் அதே கதை. நடுவில் அதே அறையில் தங்கிய லண்டன்காரருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இன்னொரு அறையில் ஹேர் டிரையர் போட்டு சாக்கெட் முகப்பு பழுப்பாகிவிட்டது. ஆறு அறைக்கும் இதே சாக்கெட்டைப் போடலாம் என்று நினைத்திருந்தோம். போடலாமா?

வயர்மேன் கோவை

லண்டன்காரருக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே மேடம், பதில் அதிலேயே இருக்கிறது. லேப்டாப் கோளாறு இல்லை. பிரெஞ்சு பிளக்குக்கு உங்கள் சாக்கெட்டில் எர்த் கிடைக்கவில்லை.

பிரிட்டிஷ் பிளக்கில் எர்த் பின் தனியாக, மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கும். யுனிவர்சல் சாக்கெட்டில் அதற்கு ஓட்டை இருக்கிறது, நம்ம ஊர் மூன்று பின்னுக்கும் இருக்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன் பிளக்கில் எர்த் பின்னே கிடையாது. அந்த உருண்டை பிளக்கை எடுத்துப் பாருங்கள்: இரண்டு பின், நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு துளை, இரண்டு பக்கமும் உலோகப் பட்டை. பிரெஞ்சு சாக்கெட்டில் சாக்கெட்டிலிருந்தே ஒரு பின் நீட்டிக்கொண்டு வந்து அந்தத் துளையில் நுழையும். ஜெர்மன் சாக்கெட்டில் பக்கவாட்டு கிளிப் பட்டையைப் பிடிக்கும். யுனிவர்சல் சாக்கெட்டில் இரண்டுமே இல்லை. பிளக் ஜம்மென்று ஏறும், லைட் எரியும், எர்த் மட்டும் சேராது.

லேப்டாப் சார்ஜருக்குள் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை வழியாக மெயின் வோல்டேஜில் கிட்டத்தட்ட பாதி உலோக மூடியில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் கொஞ்சம்தான், ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் வெறுங்காலோடு தொட்டால் தெரியும். டெஸ்டர் மங்கலாக எரிவதும் இதனால்தான். ஆனால் அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸோ கெட்டிலோ பழுதாகி பாடியில் ஃபேஸ் வந்தால் அது விளையாட்டு இல்லை.

முதலில் உங்கள் வீட்டு எர்த் சரியா என்று பாருங்கள். பழைய வீடு என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

மாமல்லை ஹோம்ஸ்டே

நாங்கள் எல்லா அறையிலும் யுனிவர்சல்தான் வைத்திருக்கிறோம். ஒரு புகாரும் இல்லை, விருந்தினர் சந்தோஷமாகப் பாராட்டி எழுதுகிறார்கள். நல்ல கம்பெனி சாக்கெட்டாகப் பார்த்து வாங்கினால் போதும். பயமுறுத்த வேண்டாம் சார்.

வயர்மேன் கோவை

நல்ல கம்பெனி வாங்கினாலும் அந்த எர்த் சேராது சார், அமைப்பே அப்படி. போன் சார்ஜருக்கு எர்த் தேவையில்லை, அதனால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

ஹேர் டிரையருக்கும் எர்த் தேவையில்லை. அங்கே பிரச்சினை பிடிப்பு. நம்ம 6 ஆம்பியர் பின் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், ஐரோப்பிய பெரிய பிளக்கின் பின் 4.8, போன் சார்ஜரில் வரும் தட்டை பிளக்கின் பின் 4. இத்தனையும் ஒரே ஓட்டையில் ஏற வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு எதையும் இறுக்கிப் பிடிக்காது. 2,000 வாட் டிரையர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும். லூஸ் காண்டாக்ட்டில் அவ்வளவு போனால் சூடாகும், முகப்பு பழுப்பாகும், ஒருநாள் உருகும். அதுவும் 6 ஆம்பியர் பாயிண்ட்டுக்கு இழுத்த வயரிலேயே யுனிவர்சலைப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

லியோன் வாசி

அக்கா, நான் புதுவைதான், இப்போது பிரான்சில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் இதே பாடு. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மாறுவது பிளக் மட்டும். அதனால் ஒரு சுலபமான வழி சொல்கிறேன். லேப்டாப் சார்ஜரில் சுவருக்குப் போகிற கார்டு பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். மூன்று இலை மாதிரி முனை உள்ளது ஒன்று, எட்டு வடிவத்தில் பழைய ரேடியோவுக்கு வருமே அது ஒன்று, கம்ப்யூட்டருக்குப் போடும் தடிமனான கார்டு ஒன்று. இந்த மூன்றிலும் நம்ம ஊர் பிளக் வைத்து ஐ.எஸ்.ஐ முத்திரையோடு கிடைக்கிறது. ரிசப்ஷனில் ஒவ்வொன்றிலும் இரண்டு வைத்துக் கொடுங்கள். மூன்று இலை கார்டு போட்டால் எர்த்தும் சேர்ந்து வரும், அடாப்டரே வேண்டாம்.

போனுக்கு யுஎஸ்பி-சி பாயிண்ட் கட்டில் பக்கத்தில் ஒன்று போட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன், டேப்லெட் எல்லாம் யுஎஸ்பி-சி ஆகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இனி சுவர் பிளக் பேச்சே எழாது.

புதுவை விடுதி

எல்லோருக்கும் நன்றி. வேறொரு வயர்மேனை வரவழைத்தோம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் கொடுத்தார், மாடியில் உடனே ஆர்.சி.சி.பி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) ட்ரிப் ஆனது. அப்படியென்றால் எர்த் சேர்ந்திருக்கிறது, அது நல்ல சேதி என்றார். கீழே பின்பக்க அறையில் ட்ரிப்பும் ஆகவில்லை, பல்பும் எரியவில்லை. சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் வயர் பச்சை பூத்து, முனை அற்றுக் கிடந்தது. உப்புக் காற்று. அதைச் சரிசெய்துவிட்டார்.

மூன்று இலை கார்டு வாங்கிப் போட்டோம். அந்தத் தம்பதி இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், சுருக்கென்பது சுத்தமாக நின்றுவிட்டது.

அமெரிக்கர்களுக்கு என்ன செய்வது? போன தடவை ஒரு பெண்ணின் டிரையர் அடாப்டரோடு போட்ட நொடியில் புகைந்துவிட்டது.

வயர்மேன் கோவை

அது 120 வோல்ட் டிரையர். அடாப்டர் பின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வோல்டேஜ் என்றால் சூடாகிற கம்பிச்சுருள் இழுக்கிற வாட் மூன்றரை மடங்குக்கு மேல், புகையாமல் என்ன செய்யும். லேபிளில் 100–240 என்றிருந்தால் போடலாம். 120 என்று மட்டும் இருந்தால் எந்த சாக்கெட்டிலும் கூடாது. டிரையருக்குத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் கல்லு கனம் கனக்கும், விலையும் அதிகம். நீங்களே அறைக்கொரு டிரையர் வைத்துவிடுங்கள், 1,200 வாட் போதும், 16 ஆம்பியர் பாயிண்ட்டில். செக்-இன் செய்யும்போதே "டிரையர் அறையில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மின்சார டூத் பிரஷ், ஷேவருக்குக் குளியலறைக் கண்ணாடி பக்கத்தில் ஷேவர் சாக்கெட் போடலாம். உள்ளே தனி டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் 115, 230 இரண்டும் வரும். 20 வாட் அளவுதான் தாங்கும், அதில் டிரையர் போடாதீர்கள் என்று எழுதி வைக்கவும்.

லியோன் வாசி

அடுத்த மாதம் வருகிறேன் அக்கா. வேண்டுமானால் அசல் பிரெஞ்சு சாக்கெட் இரண்டு வாங்கி வருகிறேன்.

புதுவை விடுதி

வாங்கி வா தம்பி, காசு கொடுத்துவிடுகிறேன். மாடி அறை இரண்டிலும் யுனிவர்சலைக் கழற்றிவிட்டு நம்ம ஊர் 6/16 ஆம்பியர் சாக்கெட் புதிதாகப் போட்டாயிற்று. அதற்குப் பக்கத்தில் இதைப் போடலாம்.

வயர்மேன் கோவை

போடலாம். ஆனால் டிபியிலிருந்து (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) தனியாக 2.5 ஸ்கொயர் எம்.எம் காப்பர் வயர் இழுக்க வேண்டும், லோடு கூடினால் தானே விழுகிற 16 ஆம்பியர் எம்.சி.பி சுவிட்ச், அது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பிக்குக் கீழே. எர்த் முதலில் கட்டிவிட்டு அப்புறம் மற்றது. இன்னொன்று, பிரெஞ்சு பெட்டி உருண்டை, 67 மில்லிமீட்டர் ஓட்டை போட வேண்டும். உங்கள் சுண்ணாம்புச் சுவரில் ஹோல் சா போட்டால் பொலபொலவென்று உதிரும். தம்பி, சுவர் மேலேயே திருகி வைக்கிற பெட்டியோடு வருகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

லியோன் வாசி

சரி அண்ணா. வெள்ளையா, கிரீம் கலரா?

புதுவை விடுதி

வெள்ளை. சுவர் மஞ்சள்.