அப்பாவின் தொடைக் கட்டியில் எம்ஆர்எஸ்ஏ: எல்லை தாண்டி மாத்திரை வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறை மகன்:
வணக்கம். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ரொம்ப நாளாகச் சர்க்கரை, கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார். வீட்டில் மாடு உண்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். வலது தொடையில் கட்டி கிளம்பிச் சுற்றிலும் சிவந்து வீங்கிவிட்டது. சித்தப்பா வீட்டில் மீந்துபோன அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் கொடுத்தார், அப்புறம் செஃபிக்சிம். எதற்கும் கேட்கவில்லை. பாலக்காட்டில் டாக்டர் சீழ் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் போனில் வந்திருக்கிறது: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, அதிலும் மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ வகை. செஃபாக்ஸிடின், எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் எதிரே ஆர், அதாவது கேட்காது. டாக்ஸிசைக்ளின், லைனெசோலிட் எதிரே எஸ், அதாவது கேட்கும். டாக்டர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

இங்கே கடையில் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்கிறார்கள். வேலந்தாவளம் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டுக் கடையில் லைனெசோலிட் வாங்கி இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்கிறார் சித்தப்பா. செய்யலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அந்தப் பயம் வேறு.

லேப் அக்கா, பாலக்காடு:
தம்பி, வாங்க வேண்டாம். நாளைக்கு டாக்டரிடம் போங்கள். நான் இந்த ரிப்போர்ட்டுகளைத் தினமும் எழுதுகிறவள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சீழை ரத்தம் கலந்த அகார் (கிருமி வளரும் கூழ்) தட்டில் தடவி, உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைப்போம். காலையில் மஞ்சள் பூத்த சின்னச் சின்னப் புள்ளிகளாக வளர்ந்திருக்கும். அதை எடுத்து வேறு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டம் எவ்வளவு என்று அளப்போம். எம்ஆர்எஸ்ஏயா என்று காட்டிக்கொடுக்கும் செஃபாக்ஸிடின் வில்லைக்கு 22 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் எஸ், 21 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆர். அந்த ஒரு ஆர்தான் உங்கள் அப்பாவின் கதை முழுவதையும் சொல்கிறது. கிருமியிடம் மெக்ஏ என்ற மரபணு இருக்கிறது. அது செல்சுவர் கட்டும் நொதியை வேறு வடிவத்தில் செய்துகொள்வதால், பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அதில் ஒட்டுவதில்லை. முதலில் கொடுத்த மாத்திரை வேலை செய்யாததற்கு அதுதான் காரணம். செஃபிக்சிமோ, சாதாரண ஸ்டாஃபிலோகாக்கஸுக்கே சரியாகக் கேட்காத மருந்து. இதற்குக் கொடுத்திருக்கவே கூடாது.

கிளிண்டாமைசின் ஆர் என்று வந்ததற்கும் ஒரு காரணம் இருக்கலாம். சில கிருமிகளில் அந்த வில்லையைத் தனியாக வைத்தால் வட்டம் நன்றாகவே வரும். பக்கத்தில் எரித்ரோமைசின் வில்லையை வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் வட்டம் சப்பையாகிவிடும். உடம்புக்குள் போனால் கிருமி எதிர்க்கும் என்பதற்கு அது அடையாளம், அதனால் ஆர் என்றே எழுதுவோம். இதைப் பார்க்காமல் எஸ் என்று எழுதிக் கொடுத்தால் நோயாளிக்குத்தான் கேடு. எனக்கு இந்த வேலையில் இதைவிட முக்கியமாகப் படுவது எதுவும் இல்லை.

லைனெசோலிட் எஸ் என்றால், மருந்து கேட்கும் என்று மட்டும்தான் அர்த்தம். அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ரத்தத் தட்டணுக்கள் குறையலாம். உலக சுகாதார நிறுவனம் அதைக் கடைசிக் கையிருப்பு மருந்துகளின் வரிசையில் வைத்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்காரர்களுக்கு அது உயிர் மருந்து. டாக்ஸிசைக்ளினுக்கே கேட்கிற கிருமிக்கு அதை ஏன் எடுக்க வேண்டும்?

பென்சிலின் குடும்பத்து மெத்திசிலின் 1959இல் புழக்கத்துக்கு வந்தது. 1961இலேயே அதை எதிர்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸை இங்கிலாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். 2019இல் மட்டும் எம்ஆர்எஸ்ஏயின் மருந்து எதிர்ப்பால் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. புது மருந்து வந்துகொண்டே இருக்கும் என்று நம்பி எதையும் வீணாக்க முடியாது.

இன்னொன்று, கட்டியில் சீழ் இருந்தால் கீறி வடிப்பதுதான் முதல் வைத்தியம், மாத்திரை அதற்கு அப்புறம்தான். வீட்டில் பிதுக்காதீர்கள். புண்ணை மூடி வையுங்கள், அப்பாவின் துண்டு, சவரக்கத்தி தனியாக இருக்கட்டும், புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம். ராத்திரி குளிர்காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மீனாட்சிபுரம் பால்காரர்:
அக்கா சொன்னதோடு மாட்டுப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். மடிநோய்க்கும் இதே ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஒரு முக்கியக் காரணம். நம் பக்கம் காம்பில் ஏற்றுகிற டியூபை ரெண்டு வேளை ஏற்றுவார்கள், பாலில் திரி நின்றதும் விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் அதே காம்பு மறுபடி வீங்கும். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் ஏற்ற வேண்டும். மருந்துக்கான விலக்கு நாள் (பாலில் மருந்து கலந்திருக்கும் நாட்கள்) முடியும்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது, கன்றுக்கும் விடக் கூடாது. நஷ்டம்தான், எனக்கும் வயிறு எரியும், ஆனாலும் கொட்டித்தான் ஆக வேண்டும். அப்பாவின் கிருமி மாட்டிலிருந்து வந்ததா என்று இந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. புண் ஆறும்வரை வேறு யாராவது கறக்கட்டும். கறந்த பிறகு காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள்.

பொள்ளாச்சி பார்மசிஸ்ட்:
சித்தப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி, சீட்டு வேண்டும் என்பது கேரளாவுக்கு மட்டும் உள்ள சட்டம் இல்லை, நாடு முழுக்க ஒன்றுதான். செஃபிக்சிம் மாதிரி மருந்துகள் 2014 முதல் எச்1 என்ற கண்டிப்பான மருந்து அட்டவணையில் இருக்கின்றன. யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம் என்று தனி ரிஜிஸ்டரில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கேரளாவில் 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ருத் என்று மருந்துக்கடைச் சோதனையை இறுக்கிவிட்டார்கள், அதனால் அங்கே பயம் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இன்னும் சில கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை, அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள், எங்களையும் சங்கடத்தில் மாட்டாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை மகன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று டாக்டர் கட்டியைக் கீறி வடித்தார். நிறையச் சீழ் வந்தது, வலி பாதியாகக் குறைந்துவிட்டது என்கிறார் அப்பா. டாக்ஸிசைக்ளின் ஏழு நாளைக்கு எழுதியிருக்கிறார், மீந்த செஃபிக்சிமைத் தொடாதே என்றார். அக்கா, ஒரு சந்தேகம். அப்பா கறந்த பாலில் காபி குடித்துக்கொண்டே மாத்திரையை விழுங்குகிறார். பரவாயில்லையா?

லேப் அக்கா, பாலக்காடு:
வேண்டாம் தம்பி. பாலில் இருக்கும் கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேர விடாது. காபிக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கட்டும், உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். தினமும் சர்க்கரை பார்த்துக் குறித்து வையுங்கள், கட்டு மாற்றப் போகும்போது அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.