காற்றுப்பனியா, காற்றுப்பாளமா?

> விண்ட் ஸ்லாப் (wind slab: மலைச்சரிவில் காற்று கொண்டுவந்து சேர்த்து இறுகிய பனியடுக்கு) என்பதற்குக் 'காற்றுப்பனி' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் காற்று அள்ளிவந்த பனியெல்லாம் ஆளைப் புதைப்பதில்லை. அது இறுகி, ஒட்டுமொத்தமாகப் பெயர்ந்து வருவதில்தான் ஆபத்து. பெயரில் அது தெரிய வேண்டும். அதனால் என் பரிந்துரை 'காற்றுப்பாளம்'.

புதிதாக விழும் பனித்துகளுக்குக் கிளைகள் உண்டு. காற்று உருட்டிக்கொண்டு போகையில் அவை ஒடிந்து பொடியாகும். அந்தப் பொடி முகட்டைத் தாண்டி, காற்று மறைவுப் பக்கத்தில் நெருக்கமாகப் படிந்து ஒன்றோடொன்று பிணைந்துவிடும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட அங்கே பனி சேரும். ஆகவே 20 செ.மீ. புதுப்பனி என்ற அறிக்கையை மட்டும் நம்பி ஏறுவது சரியல்ல; முகட்டுக்கு அந்தப் பக்கம் அது ஒரு மீட்டரைத் தாண்டியிருக்கலாம். பனி நின்று வானம் வெளுத்த பிறகும் காற்று ஓயாவிட்டால் பாளம் வளர்ந்துகொண்டே இருக்கும். அடியில் வலுவற்ற அடுக்கு ஒன்று இருந்து, சரிவும் 30 முதல் 45 பாகை வரை இருந்தால், ஒரே ஒரு சறுக்குநரின் எடை போதும். விரிசல் குறுக்கே ஓடி, சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் கிளம்பும். நிலம் 'பாளம் பாளமாக' வெடித்தது என்கிறோமே, அந்தச் சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது.

'பலகை' என்ற யோசனையும் வந்தது. ஜெர்மன்காரர்கள் பனிப்பலகை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் தமிழில் பலகை என்றால் கெட்டியானது என்ற எண்ணம் வரும். கால் புதையுமளவு மெத்தென்ற பாளமும் உடையும். அந்த மென்மையை நம்பித்தான் பலர் இறங்குகிறார்கள். போதாக்குறைக்கு, காலில் மாட்டியிருப்பதும் சறுக்குப்பலகை!

'வளிப்பாளம்' பாடநூலுக்கு அழகு. சரிவில் நின்று கூட வருபவரை எச்சரிக்கும்போது வாயில் 'காற்று' என்றுதான் வரும்.

அப்புறம், கார்னிஸ் (cornice: முகட்டு விளிம்பிலிருந்து வெளியே நீண்டு தொங்கும் பனி). 'பனித்தாழ்வாரம்' என்று எழுதியிருந்தீர்கள். தாழ்வாரம் என்றால் இன்று நடைவழி என்றாகிவிட்டதால் 'பனியிறவாரம்' (இறவாரம்: சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) மேல் என்று நினைக்கிறேன். இதைச் சீக்கிரம் முடிவு செய்ய வேண்டும்: அது எந்தப் பக்கம் நீண்டு தொங்குகிறதோ, அதற்குக் கீழேதான் காற்றுப்பாளத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.