புதுப்பிப்பு: டச்சில் 'மூன்று வருடமாக இருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது?

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: "இக் ஹெப் ஹீர் த்ரீ யார் கெவோன்ட்" என்றதும், பக்கத்து வீட்டு அம்மா "இப்போது எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார், ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது தெளிவாகிவிட்டது.

நான் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் சொன்ன வாக்கியம் அது. டச்சுக்காரர் காதில் 'மூன்று வருடம் இருந்தேன், இப்போது இல்லை' என்றுதான் விழும். சரியான வாக்கியம் "இக் வோன் ஹீர் அல் த்ரீ யார்". நிகழ்காலம், கூடவே 'அல்' ('ஏற்கெனவே' என்று பொருள்). நம் 'மூன்று வருடமாக இருக்கிறேன்' என்பதும் நிகழ்காலம்தானே! தமிழிலிருந்தே நேராகப் போயிருக்கலாம்.

ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பதைச் சொல்ல 'ஆன் ஹெட்' உண்டு: "இக் பென் ஆன் ஹெட் கோக்கன்", சமைத்துக்கொண்டிருக்கிறேன். நேரமும் சேர வேண்டுமா? "இக் பென் அல் ட்வே ஊர் ஆன் ஹெட் கோக்கன்", இரண்டு மணி நேரமாக.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வழி. உட்கார், நில், படு, தொங்கு என்ற வினைகளோடு 'டெ' சேர்ப்பது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் "ஸ்டாட் டெ வாக்டன்", நின்று காத்திருக்கிறார். கொடியில் காயும் துணிகூட "ஹாங்க்ட் டெ ட்ரோகன்", தொங்கிக் காய்கிறது. என்ன அழகு!

ஒரு எச்சரிக்கை: முடிந்த செயலாகச் சொல்லும்போது பெரும்பாலும் அந்த 'டெ' விழுந்துவிடும். "இக் ஹெப் ஸிட்டன் லேஸன்", உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இதில் எனக்கு இன்னும் பழக்கம் வேண்டும்.