ஆமிஷ் தச்சர்களிடம் மரச்சாமான் வாங்கிய அனுபவங்கள்

கொலம்பஸ்வாசி:
ஓஹையோவின் ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் போய், ஆமிஷ்காரர்களிடம் (கரண்ட், கார் போன்றவற்றைத் தவிர்த்து, குதிரை வண்டியில் போய்வந்து எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகத்தார்) டைனிங் டேபிளுக்குச் சொல்லிவிட்டு வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கு ஒரு விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. செர்ரி மரத்தில் கேட்டோம். மாதிரி வெளிறித் தெரிந்ததால் அடர்ந்த ஸ்டெயின் (மரத்துக்கு ஏற்றும் சாயம்) அடிக்கச் சொன்னேன். பட்டறைப் பெரியவர் பதில் பேசாமல் என்னை ஜன்னலோரம் கூட்டிப்போனார். அங்கே கிடந்த செர்ரிப் பலகை மேலிருந்த டப்பாவை நகர்த்தினார். டப்பா இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளிறியிருந்தது; சுற்றிலும் நல்ல செம்பழுப்பு. "வெளிச்சமே செய்துவிடும், பொறுங்கள்" என்றார். நான் கேட்டதற்குச் சரி என்று தலையாட்டி அவர் ஆர்டரை அப்போதே முடித்திருக்கலாம். அவருக்கு மரம்தான் பெரிதாகப் பட்டது.

மலர்_பிட்ஸ்பர்க்:
உங்களுக்கு அமைந்தது. நாங்கள் வாங்கியது நெடுஞ்சாலையோரக் கடையில். வாசலில் குதிரை வண்டிப் படம் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் கீழ் டிராயரை முழுசாக உருவினேன். முகப்பு மட்டும் ஓக். அடித்தட்டு பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை), மூலையில் ஸ்டேப்ளர் பின் துருத்திக்கொண்டிருந்தது. என் பெண்ணின் விரலைக் கீறிவிட்டது. கடையில் கேட்டால், "ஆமிஷ் பாணி என்றுதானே எழுதியிருக்கிறோம்" என்கிறார்கள். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பேரை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

தச்சன்பேரன்:
மலர் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைக்காரர் ஏமாற்றினால் ஆமிஷ்காரர்கள் என்ன செய்வார்கள்? பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கத்து ஆமிஷ் பட்டறை ஒன்றில்தான் எங்கள் கட்டில் செய்தது. கரண்ட் கம்பியே கிடையாது. வெளியே டீசல் எஞ்சின் காற்றை அழுத்தித் தருகிறது, உள்ளே மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர் அந்தக் காற்றில் ஓடுகிறது. கட்டில் இன்றுவரை ஒரு கிரீச் சத்தம் போட்டதில்லை.

வாங்கப் போகிறவர்கள் முதலில் "செய்தது யார், பட்டறை எந்த ஊர்?" என்று கேளுங்கள். ஷோரூம்களில் பல, ஆமிஷ் அல்லாத வெளியாட்கள் நடத்துபவை. ஒழுங்கான கடை என்றால் மழுப்பாமல் சொல்வார்கள். டிராயரை உருவி, மூலையில் டவ்டெயில் பொருத்து (புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். மேசைப் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கியிருந்தால் வேண்டாம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் மரம் சுருங்கும், கோடை ஈரத்தில் விரியும். அசைய இடமில்லை என்றால் வெடித்துவிடும். ஒயிட் ஓக் மரம் என்றால் குவார்ட்டர்-சான் (மர வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி அறுத்தது) கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் விரிவதும் சுருங்குவதும் குறைவு. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். ஆமிஷ்காரர்களை முகம் தெரிய ஃபோட்டோ எடுக்காதீர்கள். அவசரப்படுத்தவும் வேண்டாம், மாதக்கணக்கில் ஆவது சகஜம்.

மலர்_பிட்ஸ்பர்க்:
தம்பி, பட்டறைக்காரர்களை நான் எங்கே குறை சொன்னேன்? பேரைப் பார்த்து வாங்காதீர்கள் என்றேன். நீங்கள் டிராயரை உருவிப் பார்க்கச் சொல்வதும் அதற்காகத்தானே? அது இருக்கட்டும், உங்கள் லங்காஸ்டர்காரர் அலமாரியும் செய்வாரா? இந்தத் தடவை நேரே பட்டறைக்கே போய்ச் சொல்லலாம் என்றிருக்கிறோம்.