தோல்வியிலிருந்து கற்றுக்கொள்வது என்றால், செய்முறையாக என்ன செய்வது?

விடியல் கேட்டது:
"தோல்வியே வெற்றிக்கு முதல் படி" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். என் கேள்வி அதைவிடச் சின்னது. தேர்வோ, சிறுதொழிலோ, ஒரு செயலியோ, முயற்சி படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை உட்கார்ந்து எதை எழுதுவது, எதைப் பார்ப்பது? எத்தனை தடவை முயல்வது, எங்கே நிறுத்துவது? ஊக்க வசனம் வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

மரைகழன்றவன்:
மறுநாள் காலை எழுத ஆரம்பித்தால் ஏற்கெனவே தாமதம். முடிவு தெரிந்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு பழைய கணக்கைத் திருத்தி எழுதிவிடும். அதனால் முயற்சிக்கு முந்தைய நாளே தேதி போட்டு நாலு வரி எழுதி வையுங்கள்: என்ன செய்யப்போகிறேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், நடக்காவிட்டால் முதல் சந்தேகம் எதன்மேல், எவ்வளவு பணமும் நாளும் போனால் நிறுத்துவேன்.

இரண்டாவது வரியில் எண் இருக்க வேண்டும். "நல்லா போகும்" என்பது கணிப்பே இல்லை. "200 பேருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்பினால் 60 பேர் திறப்பார்கள், 10 பேர் வாங்குவார்கள்" என்பது கணிப்பு. 70 பேர் திறந்து ஒருவரும் வாங்கவில்லை என்றால் தலைப்பைக் குறை சொல்ல முடியாது. கோளாறு உள்ளே இருக்கும் விலையிலோ விளக்கத்திலோ இருக்கிறது. எண் இல்லாவிட்டால் "மார்க்கெட் சரியில்லை" என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும்.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1-ஐப் பாருங்கள். 2006 மார்ச்சில் எரிபொருள் குழாயின் அலுமினிய நட்டு ஒன்று அரித்துப்போய்க் கசிவு, தீ. (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.) 2007 மார்ச்சில் இரண்டாம் அடுக்கின் ஆக்ஸிஜன் தொட்டிக்குள் திரவம் அலம்பி, ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. அந்தத் தொட்டியில் தடுப்புத் தகடுகள் இல்லை. 2008 ஆகஸ்ட்டில் முதல் அடுக்கின் எஞ்சினை நிறுத்திய பிறகும் கொஞ்சம் உந்துவிசை மிச்சமிருந்தது. கழன்ற அடுக்கு பின்னாலேயே வந்து மேலடுக்கை இடித்தது. தரைச் சோதனையில் இது தெரியவில்லை, சுற்றியிருந்த காற்றழுத்தம் அதை மறைத்துவிட்டது. தீர்வு என்ன தெரியுமா? எஞ்சின் நின்றதற்கும் அடுக்கு கழல்வதற்கும் நடுவே இன்னும் சில விநாடி காத்திருக்கச் சொன்னார்கள். 2008 செப்டம்பர் 28, நாலாவது தடவை, சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது.

மூன்று தோல்வியும் மூன்று வேறு இடத்தில். எத்தனை தடவை முயல்வது என்பதற்கு என் பதில் இதுதான்: விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் தொடரலாம். ஒரே இடத்தில் இரண்டாவது தடவை விழுந்தால் நிறுத்தி, முதல் தடவை எழுதிய காரணம் சரிதானா என்று பாருங்கள். பெரும்பாலும் தப்பான காரணத்தைத்தான் சரிசெய்திருப்போம்.

ரஃப்நோட்டு:
தேர்வுக்கு மட்டும் சொல்றேன். மாதிரித் தேர்வு எழுதும்போதே ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்க: உ (உறுதி), ச (சந்தேகம்), கு (குருட்டாம்போக்கு). திருத்தினதும் முதல்ல பார்க்க வேண்டியது "உ" போட்டும் தப்பானதை. ரொம்ப உறுதியா நம்பின தப்பை உடனே திருத்திக் காட்டினா, சந்தேகத்தோட சொன்ன தப்பைவிட அது நல்லா மனசுல நிக்கும்னு 2001லயே ஆய்வு வந்திருக்கு. "கு" போட்டு சரியானதையும் விடாதீங்க. அதுக்கு மதிப்பெண் கிடைச்சாலும் அது தெரியாத கேள்விதான்.

அப்புறம் தப்பு நோட்டுல விடையை எழுதாதீங்க, கேள்வியை மட்டும் எழுதுங்க. 3 நாள், 10 நாள், 30 நாள் கழிச்சு திரும்பப் போடுங்க. விடையும் பக்கத்துல இருந்தா படிச்சிட்டு "தெரியும்"னு நகர்ந்துடுவோம். நோட்டு தடிமனாகும், ஒண்ணும் ஏறாது.

எதிர்க்கட்சி:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் தோல்வி தானாக எதையும் கற்றுத் தராது. 2019இல் ஒரு ஆய்வு: இரண்டே விடை உள்ள கேள்விகள். "தப்பு" என்று சொன்னாலே மற்றது சரி என்று தெரிந்துவிடும். அப்படியிருந்தும் "தப்பு" என்று கேட்டவர்கள், "சரி" என்று கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள். அடுத்தவர் தப்பைப் பார்த்தபோது இந்தக் குறை இல்லை. காரணம் ரோஷம்தான், சுருக்கென்று தைத்ததும் மூளை காதைப் பொத்திக்கொள்கிறது. அதனால் என்ன தப்பானது என்ற அறிக்கையை "நான்" என்று எழுதாமல், வேறொருவர் கதையாக "அவர்" என்று எழுதிப் பாருங்கள். இரண்டு நாள் ஆறப்போட்டு எழுதுங்கள். எண்களை மட்டும் அன்றைக்கே குறித்துவிடுங்கள், மறந்துபோகும்.

இன்னொன்று. அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதியை மயிரிழையில் தவறவிட்ட இளம் விஞ்ஞானிகள், மயிரிழையில் பெற்றவர்களைவிடப் பிற்பாடு நல்ல ஆய்வுகளைத் தந்தார்கள் என்பதை (இதுவும் 2019) எல்லா மேடையிலும் சொல்வார்கள். தவறவிட்டவர்களில் கூடுதலாகப் பத்தில் ஒருவருக்கு மேல் அந்தப் பாதையை விட்டே போய்விட்டார்கள் என்பதை மட்டும் முழுங்கிவிடுவார்கள்.

அரவணைக்கக் கூடாத தோல்விகளும் உண்டு: கடன் வாங்கிய பணம், உடம்பு, அடுத்தவர் பாதுகாப்பு. அங்கே "செய்து பார்ப்போம்" கிடையாது. முழுதாகப் போனாலும் அடுத்த மாதம் அதே அளவில் இன்னொரு தடவை முயல முடியுமா? முடியாது என்றால் அளவைப் பாதியாக்குங்கள். அப்போதும் முடியாவிட்டால் இன்னும் பாதி.

விடியல்:
மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். "ஏன், ஏன்" என்று ஐந்து தடவை கேட்கும் முறையை முயன்றால் கடைசியில் எப்போதும் "கவனக்குறைவு" என்றுதான் வந்து நிற்கிறது.

மரைகழன்றவன்:
"கவனக்குறைவு" என்று வந்தால் ஒரு "ஏன்" பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பான கோப்பை அனுப்பிவிட்டீர்கள். ஏன்? கவனிக்கவில்லை. கவனிக்காவிட்டால் ஏன் தப்பு போகிறது? இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர், ஒரே அடைவு. இப்போது கை வைக்க இடம் கிடைத்துவிட்டது: பெயரில் தேதி சேர்ப்பது, பழையதை வேறு அடைவுக்கு மாற்றுவது. "இனி கவனமாக இருப்பேன்" என்று அறிக்கையில் எழுதினால் அதை அடித்துவிட்டு, திங்கட்கிழமை மேசையில் எது மாறியிருக்கும் என்று எழுதுங்கள்.